அன்று நான் சொன்ன யோசனை



நேற்று தங்கை பேத்தி போனில், "தாத்தா, பி.எஸ்சி. முடிச்சிட்டு எம்.ஏ. இதழியல் படிக்கலாமா? அப்பா வேண்டாங்கிறார்" என்றாள். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

2003-இல் இதே கேள்வியோடு ஒரு மாணவன் என் வீட்டுக்கு வந்தான். வகுப்பில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவன். "டி.வி.யில மூஞ்சி காட்டணுமா? பி.எட். சேருடா" என்று அனுப்பிவிட்டேன். என் பேச்சைத் தட்டாத பிள்ளை, அப்படியே செய்தான். மறு வருஷம் பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் 'அண்ணா எஃப்.எம்.' தொடங்கியது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி. பேப்பரில் படித்தபோதே உறுத்தியது.

எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் நிருபர், செய்தி வாசிப்பாளர், அவ்வளவுதான். விளம்பரம், ஆவணப்படம், கம்பெனிகளின் மக்கள் தொடர்பு, தொண்டு நிறுவனங்களின் சுகாதாரப் பிரசாரம் என்று வேலை எங்கெங்கோ இருக்கிறது. நெட் தேர்வு எழுதினால் கல்லூரியில் பாடமும் நடத்தலாம். பெரும்பாலான இடங்களில் எந்தப் பட்டம் படித்தவரும் சேரலாம்.

பேத்தியிடம் ஒன்று சொன்னேன்: தொடக்கத்தில் சம்பளம் கம்மியாக இருக்கும், ராத்திரி வேலையும் வரும். படிக்கிற இரண்டு வருஷத்தில் நீயே எழுதியது, எடுத்தது நாலு கையில் இருக்கணும். வெறும் மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு வேலை கேட்க முடியாது.

அவள் அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகள் அதற்குள் எனக்கு ஒரு போன் போடுங்கள்.

தம்பி, நீயும் இதைப் படிப்பாய். அன்று உன்னை உட்காரவைத்து, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்டா.