ஒரு நாள் அடைக்கும் கேட்

நவம்பர் 20, திங்கள்

விடிய விடிய மழை. பீச் ஸ்டேஷனில் இறங்கி சென்னை ஹைகோர்ட் வருவதற்குள் கேஸ் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். ரிட்டர்ன் ஆன அப்பீலைக் குறை நீக்கி மறுபடியும் போட்டாயிற்று. இந்த வாரமாவது நம்பர் ஆகவேண்டும்.

அக்கா மகள் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு நான் கட்டு தூக்கும் சீனியர் வக்கீலிடமே ஜூனியராகச் சேர்ந்திருக்கிறாள். இன்று முதல் நாள். கேட் அருகே சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, சனி ராத்திரி எட்டிலிருந்து ஞாயிறு ராத்திரி எட்டு வரைக்கும் யாரும் உள்ளே வரக்கூடாதாமே?" என்றாள். வருஷா வருஷம் நடப்பதுதான் என்றேன். காரணத்தைச் சட்டம் படித்தவளே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 21, செவ்வாய்

கோர்ட் கலைந்த பிறகு அவளை வராந்தா வராந்தாவாகக் கூட்டிப்போனேன். மழைக்கு ஈரமான செங்கல் நல்ல ரத்தச் சிவப்பு. அவளை ஒரு தூணருகே நிறுத்தி, விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே சுண்ணாம்புச் சாந்து ஒரு கோடுதான், அவ்வளவு நெருக்கம். பூவேலையெல்லாம் உளியால் செதுக்கியது இல்லை, அச்சில் வார்த்துச் சுட்டது. கையை எடுக்க அவளுக்கு மனசே வரவில்லை.

இந்தக் கட்டடத்துக்கு வரைபடம் தொடங்கியவர் பிராசிங்டன், முடித்தவர் ஹென்றி இர்வின். கட்டியது நம்மூர் ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். சென்னையில் இன்று நாம் நின்று பார்க்கிற சிவப்புக் கட்டடங்களில் எத்தனையோ அவர் கைப்பட்டவை. திறந்தது 1892 ஜூலையில். செலவு மதிப்பீட்டைத் தாண்டிக் கிட்டத்தட்ட 13 லட்சத்துக்குப் போய்விட்டது. அன்றைக்கு அது மலைக்கவைக்கும் தொகை. சூளையில் நின்றவர்களும் சாரத்தில் ஏறியவர்களும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

நவம்பர் 22, புதன்

அப்பீல் இன்னும் செக்ஷனில்தான் இருக்கிறது. மதியம் முத்துசாமி ஐயர் சிலையருகே, தென்மாவட்டத்துக்காரர் போலிருந்த ஒரு பெரியம்மா கைகூப்பி நின்றார். "யாருய்யா இவர்?" என்று கேட்டார். இந்த ஹைகோர்ட்டில் ஜட்ஜாக உட்கார்ந்த முதல் இந்தியர், 1878இல் என்றேன். தஞ்சாவூர்ப் பக்கம் சிறுவயதில் கிராமக் கணக்கருக்கு எடுபிடியாக மாசம் ஒரு ரூபாய்க்கு வேலை பார்த்தவர் என்றும் சொன்னேன். பெரியம்மா சிலையை இன்னொரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நம்ம கஷ்டம் தெரிஞ்சவர்தான்" என்று சொல்லிவிட்டுக் கோர்ட் ஹாலுக்குப் போனார்.

கட்டு தூக்குகிறவன் நான். இந்தச் சிலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு முதுகு நிமிரும்.

நவம்பர் 23, வியாழன்

இன்று மழை இல்லை. அக்கா மகள் டீ குடிக்கும்போது, வளாகத்துக்குள் தனியாக நிற்கிற உயரமான தூணைக் காட்டி என்னவென்று கேட்டாள். பழைய கலங்கரை விளக்கம் அது, 1844இல் ஏற்றியது. பிறகு கோர்ட் கட்டடமே அதைவிட உயர்ந்து நின்றதால், 1894இல் விளக்கை அதன் பெரிய கோபுரத்து உச்சிக்கு மாற்றினார்கள். 1977இல் மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் வரும் வரை கப்பல்காரனுக்கு வழிகாட்டியது இந்த ஹைகோர்ட்தான். கீழே வழக்கு, மேலே விளக்கு. உலகத்தில் வேறெங்கே இப்படி ஒரு கட்டடம் இருக்கும்!

கிழக்கு மதிலில் இருக்கும் கல்வெட்டையும் காட்டினேன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் சுட்ட குண்டுகளில் ஒன்று இங்கே விழுந்தது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, ஊரே வெளியூருக்கு மூட்டை கட்டியது.

அதற்கெல்லாம் முந்திய கதை ஒன்று உண்டு. இதே மண்ணில்தான் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் சென்ன மல்லீசுவரர் கோயிலும் இருந்தன. பிரெஞ்சுக்காரர்களிடம் ஒருமுறை கோட்டையைப் பறிகொடுத்த கிழக்கிந்தியக் கம்பெனி, கோட்டைக்கு எதிரே மறைவிடம் எதுவும் இருக்கக்கூடாது என்று பழைய கறுப்பர் நகரத்தையே இடித்துத் தள்ளியது. 1757இல் கோயில்களும் போயின. பின்னால் பூக்கடைப் பக்கம் அவற்றை எழுப்பினார்கள். இன்றைக்கும் அங்கே பூஜை நடக்கிறது. இடம் பெயர்ந்த ஜனங்களை நினைத்துக்கொள்வேன்.

நவம்பர் 25, சனி

தம்பு செட்டித் தெரு ஆபீஸில் வேலை முடிய ஏழரை ஆகிவிட்டது. கேட்டைப் பூட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். எட்டு மணிக்கு ஆவின் கேட்டை அடைத்தார்கள். தலைச்சுமையோடு வந்த ஒருவர், "உள்ளே புகுந்தா சீக்கிரம் போயிடலாம்னு பார்த்தேன்" என்று முனகிக்கொண்டே திரும்பினார்.

"புரிஞ்சிடுச்சு மாமா. 1882 ஈஸ்மென்ட் சட்டம். யாரும் தடுக்காம இருபது வருஷம் ஒரு வழியில நடந்துட்டா அது பாத்தியதை ஆயிடும், அரசாங்க நிலம்னா முப்பது வருஷம். அதான் வருஷத்துக்கு ஒருநாள் மறிச்சு, தொடர்ச்சியை அறுத்துடறாங்க."

சரியாகத்தான் சொன்னாள். எனக்கு இதில் வருத்தம் கிடையாது. ஒருநாள் பூட்டி உரிமையைக் காப்பாற்றிக்கொண்டதால்தான், மற்ற நாளெல்லாம் ஜார்ஜ் டவுன்காரர்களைத் தாராளமாக நடக்கவிட முடிந்தது. வருத்தமெல்லாம் மற்ற நாட்களைப் பற்றித்தான். 2015இல் மத்தியப் பாதுகாப்புப் படை வந்ததிலிருந்து சோதனை, பாஸ், வரிசை. காரணம் இல்லாமல் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேஸ் இல்லாதவனுக்கும் இந்தக் கட்டடத்தைப் பார்க்கிற பாத்தியதை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளிலாவது பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டலாம். செங்கல்லைத் தொட்டுப் பார்த்த பிள்ளை நாளைக்கு அதில் ஆணி அடிக்கமாட்டான்.

நவம்பர் 27, திங்கள்

அப்பீல் நம்பர் ஆகிவிட்டது! சீனியர் வேறு கோர்ட்டில் வாதத்தில் இருந்ததால், ஒரு வாய்தா கேட்க அக்கா மகளை அனுப்பினார். கவுனைச் சரிசெய்துகொண்டு போனாள். இரண்டு வாரம் கிடைத்தது.

சாயங்காலம் அக்காவுக்கு போன் போட்டு எல்லாம் சொல்லியிருக்கிறாள். அடுத்த மாசம் கோர்ட் லீவு விடுவதற்குள் அம்மாவும் அப்பாவும் வந்து பார்க்கவேண்டுமாம். ஆதார் கார்டை மறக்காமல் எடுத்துவரச் சொன்னேன். பாஸுக்கு ஆகும்.