புழைக்கடை விருந்தாளி

ஐப்பசி பிறந்து தென்னேரி ஏரியில் நீர் ஏறத் தொடங்கினால் எங்கள் புழைக்கடையும் புதுக்கோலம் பூண்டுவிடும். விடியுமுன்னரே பவழமல்லி தன் பூக்களை நிலத்தில் உதிர்த்திருக்கும். ஈரத்தில் வீதியிற் பாவு நீட்டவியலாமையால் நெசவாளர்க்கும் அந்நாட்களிற் சிறிது ஓய்வுண்டு. ஓய்வறியாதது எலுமிச்சையிற் கூவும் தையற்சிட்டு ஒன்றே.

ஆயினும் யான் எதிர்நோக்குவது ஆறுமணிக் குருவியையே. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வரும் இப்பறவை, காலையும் மாலையும் ஏறக்குறைய 6 மணிக்குக் குரல் கொடுத்தலால் இப்பெயர் பெற்றது. பச்சை முதுகும், நீலத் தோளும், கண்ணருகே கருங்கோடும், வாலடியிற் செம்மையும் உடையது. காஞ்சிப் பட்டிலும் இத்தனை நிறம் ஒருங்கே காண்பதரிது.

இவ்விருந்தாளிக்கு உணவு மரக்கிளையில் இல்லை. மாமரத்தடியில் மட்கும் சருகுகளை அலகாற் புரட்டிப் புழுபூச்சிகளைத் தேடியுண்ணும். அச்சருகைக் கூட்டி எரித்துவிட்டுச் சிமெண்டுத் தளம் போடவேண்டுமென்பது என் தமையனார் விருப்பம். பாம்படையும் என்னும் அவரது அச்சமும் பொய்யன்று. அன்னையாரோ கிணற்றடிவரை பெருக்கிவந்து, மாமரத்தை அணுகியதும் துடைப்பத்தைச் சாய்த்துவிடுவார். கொத்தனார் இருமுறை வந்து அளந்து போயினர். சித்திரையிற் குருவி வடக்கே சென்றபின் பேசிக்கொள்ளலாம் என்று அன்னையார் சொல்லிவிட்டார்.