குறட்டை என்று சிரித்தோம்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் கடைசிவரை படியுங்கள்.

என் தம்பி மகளை உள்ளூரிலேயே, பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டில் கொடுத்திருக்கிறோம். (பெயர் போடாம எழுதுங்க அத்தை என்றாள்.) போன வருடம் ஏழாம் மாதத்தில் வளைகாப்பு. வளையல் போடும்போது அவள் மாமியார், "எங்க வீட்ல இப்ப ராத்திரியும் தறி ஓடுது" என்று அவள் குறட்டையைச் சொல்லிக் கேலி செய்தார். கூடமே சிரித்தது. நானும்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த வாரப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் 150/100. சிறுநீரில் புரதம். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டரம்மா அவள் கணவரைத்தான் கேட்டார்: "தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதா?"

"ஆமாம் மேடம். குறட்டை திடீர்னு நிக்கும். அப்புறம் திணறிக்கிட்டு மூச்சு விடுவா. பகலெல்லாம் தறியில உட்கார்ந்த களைப்புல எனக்குத்தான் பிரமையோன்னு இருந்துட்டேன்" என்றார் அவர்.

காலைத் தலைவலியையும் பகல் தூக்கத்தையும் நாங்கள் மசக்கை என்றே நினைத்திருந்தோம்.

டாக்டர் விளக்கியது இது. தூக்கத்தில் தொண்டைவழி அடைபட்டு, மூச்சு பத்து விநாடிக்கு மேல்கூட நிற்கும். ஆக்சிஜன் குறையும், உடல் பதறி விழிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். இது ஒரே இரவில் பலமுறை நடக்கும். கர்ப்பத்தில் மூக்கின் உள்சவ்வு வீங்குவதாலும் எடை கூடுவதாலும் வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் தலைப்பிரசவப் பெண்கள் மூவாயிரம் பேருக்கு மேல் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். நடுக்கர்ப்பத்தில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இந்தச் சிக்கல் இருந்தது. அவர்களுக்குக் கர்ப்பகால ரத்த அழுத்த நோயும் சர்க்கரையும் கூடுதலாக வந்தன. குறட்டை விடும் எல்லோருக்கும் இது இருக்கும் என்று பயப்பட வேண்டாம்.

நம் தமிழ்நாட்டில் 2007-லிருந்து எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் குளுக்கோஸ் கொடுத்துச் சர்க்கரை பார்க்கிறார்கள். சென்னை டாக்டர் வி. சேஷய்யா அதற்காகப் பாடுபட்டவர். குறட்டையைப் பற்றியோ இவளை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. இவளும் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. நாங்கள் சிரித்த பிறகு எப்படிச் சொல்வாள்?

விரலில் கிளிப், மூக்கில் சிறு குழாய், மார்பில் பட்டை கட்டி ஓர் இரவு பரிசோதித்தார்கள். உறுதியானது. ரத்த அழுத்த மாத்திரையோடு, இரவில் மூக்கில் மாட்டும் சிபாப் என்ற காற்றுக் கருவியும் கொடுத்தார்கள். கருவி மட்டும் போதும் என்று மாத்திரையை நிறுத்திவிடாதே என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். முதல் இரண்டு இரவு கழற்றி எறிந்துவிட்டு அழுதாள். மூன்றாம் நாள் காலை, "தலைவலி இல்ல அத்தை" என்று போன் செய்தாள்.

36-ஆம் வாரம் சிசேரியன். மயக்க மருந்து டாக்டரிடமும் இதை முன்கூட்டியே சொல்லச் சொன்னார்கள். பெண் குழந்தை, 2.2 கிலோ. இருவரும் நலம்.

உங்கள் வீட்டுப் பெண் பரிசோதனைக்குப் போகும்போது பக்கத்தில் படுப்பவரும் கூடப் போகட்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் குறட்டையையும் மூச்சுத் திணறலையும் சொல்லுங்கள். முன்பே ரத்த அழுத்தம், சர்க்கரை, அதிக எடை உள்ளவர்கள் கட்டாயம் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு இது சரியாகிவிடும், சிலருக்கு ஆகாது. அதனால் வரும் வியாழன் இவளுக்கு மறுபரிசோதனை. துணைக்கு நான் போகிறேன். குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்கிறார்.