வாப்பாவின் கடைசி மூச்சுகள்

வாப்பா வஃபாத்தான இரவில் நான் அவர்களின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உம்மா யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். வாப்பாவின் மூச்சு மெல்லத் தொடங்கி, படிப்படியாக ஆழமாகி, பின்னர் தணிந்து, அடியோடு நின்றுவிடும். எல்லாம் முடிந்ததென எண்ணி நாங்கள் கலிமாவை உரக்கச் சொல்லும்போது மீண்டும் எழும்.

இதயம் மிகவும் தளர்ந்துவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் முன்பே கூறியிருந்தார். ஆயினும் மனம் கேளாமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றேன். “அலைக்கழிக்க வேண்டாம் மவனே, வீட்டுலதான் இருக்கணும்னு அவுக சொன்னாக” என்று உம்மா தடுத்தார்கள். ஃபஜ்ரு பாங்குக்கு முன் வாப்பா இறைவனின் அழைப்பை ஏற்றார்கள்.

அவர்களைத் தவிக்க விட்டுவிட்டேனோ என்ற எண்ணம் பல மாதங்கள் என்னை வாட்டியது. இறுதியில் அம்மருத்துவரிடமே கேட்டேன்.

அவர் விளக்கியபோது கருப்பந்துறை நினைவுக்கு வந்தது. அங்கே தாமிரபரணியில் மூழ்கி மூச்சடக்க எனக்குக் கற்றுத்தந்தவர்கள் வாப்பாதான். நீருக்குள் சிறிது நேரத்தில் நெஞ்சு முட்டும். இரத்தத்தில் கரியமில வாயு சேர்வதே அதற்கு முதன்மைக் காரணம். மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகுளம் அதனை அறிந்து மூச்சை முடுக்குகிறது. ஓய்வில் நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை அமையும் மூச்சு, ஓடும்போது விரைவதும் உடலின் தேவைக்கேற்பவே.

இதயம் தளர்ந்தால் இரத்த ஓட்டம் மெதுவாகிறது. நுரையீரலின் செய்தி மூளைக்குத் தாமதமாகவே எட்டுகிறது. அதனால் மூளை தேவைக்கு மேல் மூச்சை முடுக்குகிறது. கரியமில வாயு மிகக் குறைந்ததும் மூச்சு நிற்கிறது. அது மீண்டும் சேர்ந்ததும் தொடங்குகிறது. டப்ளின் நகர மருத்துவர்களான ஜான் செயின் 1818இலும், வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இலும் எழுதிவைத்ததால், இதற்குச் செயின்–ஸ்டோக்ஸ் சுவாசம் என்று பெயர். “நினைவிழந்த நிலையில் அவர் இதை உணர்ந்திருக்க மாட்டார். பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்குத்தான் தவிப்பு” என்றார் மருத்துவர்.

சகோதரர்களே, நடமாடும் ஒருவருக்குத் திடீரென மூச்சு வாங்கினாலோ, உறக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரை நாடுங்கள். வாப்பாவின் நிலை வேறு. அவர்களின் தவணை நெருங்கியிருந்தது.

இப்போது எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். எண்ணுவதை விட்டுவிட்டு, உம்மாவின் அருகில் அமர்ந்து நானும் ஓதியிருக்கலாம்.

யா அல்லாஹ், வாப்பாவின் கப்ரை விசாலமாக்குவாயாக. ஆமீன்.