கண்ணாடிக்குள் ஒரு கடல்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் விலங்கியல் மாணவி)

"ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதிக் கொடம்மா. சிங்கப்பூர் போய் வந்தாயே, அதையே எழுதலாமே!" என்றார் எங்கள் துறைப் பேராசிரியர். பயணக் கட்டுரை என்றால் மாட மாளிகைகளையும் மின்விளக்குகளையும் வருணிக்க வேண்டும் போலும் என்று முதலில் தயங்கினேன். ஆனால் சிங்கப்பூரில் நான் கழித்த இருபது நாட்களில் ஒரு நாள் மட்டும் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை. அந்த ஒரு நாளைப் பற்றியே எழுதுகிறேன்.

என் ஊர் மணப்பாடு. அப்பா மீன்பிடித் தொழில் செய்பவர். என் அக்காளைச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் அத்தானுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். 2024-ஆம் ஆண்டு மே மாதம், முதலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில், அத்தான் அனுப்பிய பயணச் சீட்டில் திருச்சியிலிருந்து விமானம் ஏறினேன். எங்கள் குடும்பத்தில் அக்காளுக்குப் பிறகு கடலின்மேல் பறந்த ஆள் நான்தான்!

போன மறுவாரமே அக்காள் சொன்னாள்: "நாளைக்கு உன்னைச் செந்தோசாவுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ விலங்கியல் படிக்கிற பிள்ளை, நீதான் பார்க்கணும்." அக்காள் மகனுக்கு அப்போது வயது ஐந்து. அவனும் நானும் அன்றிரவு சரியாக உறங்கவில்லை.

ஈசூனிலிருந்து ரயில். நிலையங்களில் ஊர்ப்பெயர்கள் தமிழிலும் எழுதப்பட்டிருந்ததைப் படித்துக்கொண்டே போனேன். துறைமுகத்தை ஒட்டிய நிலையத்தில் இறங்கி, ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சிறு ரயிலில் கடலைத் தாண்டினால் செந்தோசாத் தீவு. அங்கேதான் 2012 நவம்பரில் திறக்கப்பட்ட கடலுயிரிப் பூங்கா இருக்கிறது. நான் போனபோது அதன் மீன்காட்சியகத்துக்கு 'எஸ்.ஈ.ஏ. அக்வேரியம்' என்று பெயர். 2025 ஜூலையில் அதைப் பெரிதாக்கி 'சிங்கப்பூர் ஓஷனேரியம்' என்று புதுப் பெயர் சூட்டிவிட்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் குளிர். பிறகு இருட்டு. இருட்டுக்குள் நீல வெளிச்சம். குழல்போன்ற பாதையில் நடந்தால் தலைக்கு மேலே சுறாக்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கின்றன. சொறி மீன்கள் ஒளியில் நிறம் மாறி மாறிக் குடைபோல் விரிந்து சுருங்குகின்றன. கரையில் காலில் பட்டால் 'சனியனே' என்று திட்டுவோமே, அதே சொறி! அது இத்தனை அழகா என்று நின்றுவிட்டேன்.

அடுத்து வந்ததுதான் பெரிய கண்ணாடி. அகலம் 36 மீட்டர், உயரம் 8.3 மீட்டர். எங்கள் வள்ளங்கள் நான்கை வரிசையாக நிறுத்தினாலும் அதன் நீளத்தை எட்டுமா என்பது ஐயமே. அதன் பின்னால் 1 கோடியே 80 இலட்சம் லிட்டர் நீர். அந்த நீரில் கொம்புத் திருக்கை ஒன்று இரு சிறகுகளையும் மெல்ல அசைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் எங்களை நோக்கி வந்தது. பின்னாலேயே கூட்டமாகப் பாரை. கீழே பாறையடியில் களவா.

சுற்றியிருந்தோர் பலகையில் எழுதியிருந்த பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நானோ பலகையைப் பாராமலே பெயர் சொன்னேன். அக்காள் மகன் வியந்துபோய், "சித்தி, உனக்கு எல்லாத்தையும் தெரியுமா?" என்றான். தெரியும்தான். ஆனால் அப்போதுதான் ஓர் உண்மை உறைத்தது. இந்த மீன்களையெல்லாம் நான் கூடையில், ஏலக் கூடத்தில், அம்மாவின் அரிவாள்மணைக்கு முன்னால்தான் பார்த்திருக்கிறேன். மீனவர் மகளாய்ப் பிறந்தும், உயிரோடு நீந்தும் களவாவின் முகத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். அதற்கும் ஒரு முகம் இருக்கிறது, நண்பர்களே!

அக்காள் கண்ணாடிக்கு எதிரே தரையில் அமர்ந்துவிட்டாள். நெடுநேரம் எழவில்லை. "மாசம் ஒரு தடவையாவது இங்க வந்திருவேன். சும்மா இப்படி உக்காந்திருப்பேன்" என்றாள். பத்தாவது மாடியில் வாழும் அவளுக்கு இதுதான் மணப்பாடு என்று எனக்குப் புரிந்தது. "ஒண்ணுதான் குறை. உப்பு வாடை இல்ல" என்றாள் பிறகு. உண்மைதான். அங்கே கடலின் மணமும் இல்லை, இரைச்சலும் இல்லை.

பிற்பகலில் ஓங்கில்களைப் பார்க்கப் போனோம். டால்பின் என்று புத்தகம் சொல்வதை எங்கள் கடற்கரையில் ஓங்கில் என்போம். கட்டணம் செலுத்தினால் இடுப்பளவு நீரில் இறங்கி அவற்றைத் தொடலாமாம். "போய்த் தொட்டுப் பாரு, நான் கட்டுறேன்" என்று அக்காள் பணப்பையைத் திறந்தாள். நான் அந்த வெள்ளியை மனத்துக்குள் ரூபாயாக்கிப் பார்த்து, "அம்மாடி! இந்தக் காசுக்கு அப்பா எத்தனை நாள் கடலுக்குப் போகணும்! வேண்டாம்" என்றேன். அக்காள் நம்பிவிட்டாள். ஆனால் காரணம் காசு மட்டும் அன்று.

அந்தக் காரணத்தை இப்போது சொல்கிறேன்.

2016 ஜனவரி 11. பொங்கலுக்குச் சில நாட்கள் இருந்தன. எனக்கு ஒன்பது வயது. மாலையில் ஊரே கரைக்கு ஓடியது. கருத்த பெரிய உடல்கள் அலையோடு உருண்டு வந்து மணலில் ஏறிக்கொண்டிருந்தன. பைலட் திமிங்கிலங்கள் என்று பிறகு சொன்னார்கள். எங்கள் கரையோரமாக எண்பதுக்கும் மேல் ஒதுங்கின. அப்பாவும் மற்றவர்களும் கயிறு கட்டி வள்ளத்தால் இழுத்துக்கொண்டுபோய் ஆழத்தில் விட்டார்கள். விட்ட சிறிது நேரத்தில் அவற்றுள் பல திரும்பி வந்தன. மறுபடி இழுத்தார்கள். மறுபடி வந்தன.

பிள்ளைகள் நாங்கள் குடத்தில் நீர் மொண்டு ஊற்றினோம். எனக்கென்று ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். சிறியது, குட்டியாக இருக்கலாம். அதன் உச்சியிலிருந்த துளை திறந்து மூச்சு 'புஸ்' என்று வரும்போதெல்லாம் என் கையில் சூடாகப் பட்டது. தோல் நனைந்த ரப்பரைப்போல வழவழவென்றிருந்தது. அதையும் இழுத்துப்போய் விட்டார்கள். "உன்னோடது போயிருச்சு, வீட்டுக்குப் போ" என்றார் அப்பா. நான் மகிழ்ச்சியோடு உறங்கினேன். காலையில் அது அதே மணலில் கிடந்தது. வாலில் என் கைக்குட்டையைக் கட்டிவிட்டிருந்தேன், அதனால் தெரிந்தது.

நாற்பதுக்கும் மேற்பட்டவை இறந்தன. இயந்திரம் கொண்டு குழி தோண்டிக் கரையிலேயே புதைத்தார்கள். 1973 ஜனவரியிலும் இதே கடற்கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின என்று தாத்தா சொன்னார். "ஏன்ப்பா திரும்பி வந்துச்சு?" என்று அப்பாவைக் கேட்டேன். "அதுக ஒண்ண விட்டு ஒண்ணு போவாதும்மா" என்றார். அதற்குப்பின் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

கல்லூரிக்கு வந்த பிறகுதான், பைலட் திமிங்கிலம் என்பது பெயரளவில் திமிங்கிலமே தவிர டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று வகுப்பில் படித்தேன். கூட்டத்தோடு அவற்றுக்குள்ள பிணைப்பு மிக வலிது. வழி தவறியதையோ நோயுற்றதையோ விட்டுப் போகாமல் மற்றவையும் பின்தொடர்வது கூட்டமாக ஒதுங்குவதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது என்றும் படித்தேன். எழுத்தறியாத அப்பா சொன்னதும் அதுவேதான்!

செந்தோசாவில் என் முன்னே நீந்தியவை இந்தோ-பசிபிக் குப்பிமூக்கு டால்பின்கள். எங்கள் மன்னார் வளைகுடாவிலும் இதே இனம் உண்டு. ஒன்று கண்ணாடியருகே வந்து பக்கவாட்டில் சாய்ந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. அக்காள் மகன் துள்ளிக் குதித்து, "சித்தி, அது சிரிக்குது!" என்றான். அது சிரிப்பன்று, தாடையின் அமைப்பே அப்படி. ஐந்து வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அவனுடைய அடுத்த கேள்விக்குத்தான் நான் திணறிப் போனேன்.

"அதோட வீடு எங்க சித்தி?"

அதன் வீடு சாலமன் தீவுகள். 2008, 2009-ஆம் ஆண்டுகளில் அங்கே பிடிக்கப்பட்டவை 27. அவற்றுள் இரண்டு 2010-இல் மலேசியாவின் லங்காவியில் இறந்தன. இன்னொன்று 2012 நவம்பரில் பிலிப்பைன்சிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் வழியில் விமானத்திலேயே இறந்தது. ஒன்றைவிட்டு ஒன்று போகாத உயிரைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்து வானத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். ஓங்கில் ஒலியெழுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு வழியறிகிறது. நாற்புறமும் சுவர் உள்ள இடத்தில் அந்த எதிரொலி அதற்கு என்ன சொல்லும்?

நம் நாட்டில் 2013 மே மாதம் நடுவண் அரசு டால்பின் காட்சிச்சாலைகளுக்கு அனுமதி இல்லையென்று அறிவித்துவிட்டது. அதற்குமுன் 1998-இல், சென்னைக்கு அருகே பல்கேரியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட டால்பின்கள் சில மாதங்களிலேயே இறந்துபோயின. இவற்றையெல்லாம் திரும்பும் வழியில் அக்காளிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "சரிதான். ஆனா இது இல்லேன்னா என் பிள்ளை ஓங்கில எங்க பார்ப்பான்? நான் கடல எங்க பார்ப்பேன்?"

எனக்கு விடை தெரியவில்லை. அன்று அந்தக் கண்ணாடி முன் நானும் மெய்ம்மறந்துதானே நின்றேன்! களவாவின் முகத்தை எனக்குக் காட்டியது அந்தக் காட்சியகந்தானே! மீனைக் காட்டுவது சரி, ஓங்கிலைக் காட்டுவது தவறு என்று எங்கே கோடு கிழிப்பது? அறிவுள்ள பேராசிரியப் பெருமக்கள் இதற்கு விடை கூறட்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம், அன்று அதைத் தொட என் கை துணியவில்லை என்பதுதான். ஒன்பது வயதில் அந்தத் தோலைத் தொட்ட கை அது. அதைக் கடலில் விடுவதற்காகத் தொட்ட கை.

ஊர் திரும்பியதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த 2016-ஆம் ஆண்டு இரவைப் பற்றி எட்டு ஆண்டுகளுக்குப்பின் அன்றுதான் அவர் வாய் திறந்தார். "உன்னோடத நான் மூணு தரம் கொண்டுபோய் விட்டேன்மா. நாலாவது தரம் விட கையில பலம் இல்ல" என்றார். காலையில் கைக்குட்டையைப் பார்த்து அழுத நான், இரவு முழுதும் இழுத்த அவரைப் பற்றி அதுவரை நினைத்ததே இல்லை.

2025 மே மாதம் அக்காள் மகனோடு ஊருக்கு வந்தாள். சிலுவைக் கோயில் மேட்டில் ஏறி விடியற்காலையில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதல்நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. "பூங்காவுல போனதும் தெரியுமே!" என்று பிள்ளை முணுமுணுத்தான். மூன்றாம் நாள், வள்ளங்கள் திரும்பும் நேரத்தில், அவற்றின் பின்னே தொலைவில் மூன்று நான்கு முதுகுகள் வளைந்து எழுந்து மறைந்தன. ஓங்கில்!

அவன் மூச்சடக்கிப் பார்த்தான். மறுபடி எழும் என்று காத்திருந்தோம். எழவில்லை. "எங்க சித்தி போச்சு?" என்று கேட்டான்.

"வீட்டுக்கு" என்றேன்.

அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. உப்புக்காற்றை நன்றாக இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.