கேட்டைக்கு வடக்கே ஒரு விண்மீன்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

வத்திராயிருப்பில் இரவு வேளையில் வயலுக்கு நீர் பாய்ச்சும் என் தந்தையார், பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். ஆயினும் வானத்துத் தேள் நிற்கும் இடத்தைப் பார்த்தே மணி சொல்லிவிடுவார். அத்தேளின் நடுவே செந்நிறமாய் மினுங்குவதுதான் பஞ்சாங்கம் கூறும் கேட்டை. கையை நீட்டி, அங்கிருந்து ஒரு முஷ்டியளவு வடக்கே பாருங்கள். ஒன்றும் தெரியாது. அங்கேதான் 'யூ ஸ்கார்ப்பியை' என்னும் விண்மீன் ஒளிந்திருக்கிறது.

1863 மே 20ஆம் நாள் நம் சென்னை வானாய்வகத்தில் இதைக் கண்டவர் நார்மன் போக்சன். அப்போது அதன் ஒளித்தரம் 9.1, வெறுங்கண்ணுக்கு எட்டும் கடைசி மீனைவிடச் சுமார் 17 மடங்கு மங்கல். (ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு என்ற கணக்கை வகுத்தவரும் அவரே!) சில நாட்களில் அது தேய்ந்து மறைந்தது. பிறகு 1906, 1936இல் வெடித்தது கூட, ஹார்வர்டின் பழைய புகைப்படத் தகடுகளைப் பின்னாளில் துருவியபோதுதான் தெரிந்தது.

அங்கே இருப்பது ஒன்றல்ல, இரண்டு. ஒரு வெண்குறுமீன், தன் துணை மீனிடமிருந்து வாயுவை இழுத்துத் தன் மேல் குவித்துக்கொள்கிறது. குவியல் அழுந்திச் சூடேறி அணுக்கருத் தீயாய் வெடிக்கும். ஒளி 10,000 மடங்கு பெருகும். இந்த வெண்குறுமீனின் எடை சந்திரசேகர் எல்லைக்கு மிக அருகில் இருப்பதாகக் கணித்துள்ளனர். அதனால்தான் பத்தாண்டுக்கொருமுறை இந்த அவசரம். மாநிலக் கல்லூரி மாணவரான சந்திரசேகர், 1930இல் கப்பலில் போகும்போது அவ்வெல்லையைக் கணக்கிட்டார். வயது பத்தொன்பது. எனக்கு இருபது ஆகிவிட்டது!

2010 ஜனவரி 28 அன்று அது வெடித்ததை முதலில் கண்டவர்கள் அமெரிக்காவின் பொழுதுபோக்கு வானியலர்கள். உலகெங்கும் இரவு பகலாய்த் தொடர்ந்தனர். ஒன்பதாம் நாளுக்குப் பின், மங்கிக்கொண்டிருந்த மீன் திடீர் திடீரென அரைத்தரம் வரை பளிச்சிட்டு அடங்கியது. நாற்பது நாள் கடந்ததும் ஒழுங்கின்றி மங்கி மங்கி எழுந்தது. மங்கலுக்குக் காரணம், மீண்டும் உருவாகும் வாயுத் தட்டின் உயர்ந்த விளிம்பு மறைப்பது என்றார்கள். பளிச்சிடலுக்கு மட்டும் அன்று அவர்களால் காரணம் கூற இயலவில்லை. பாடநூலில் எல்லாவற்றுக்கும் விடை உண்டு. எனக்குப் பிடித்தது விடையில்லாத இந்தப் பக்கந்தான்.

இதையெல்லாம் வரப்பில் அமர்ந்து தந்தையாரிடம் சொன்னேன். "அதைப் பார்த்தா வேலை கொடுப்பாங்களா?" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அவர் கேட்டதில் நியாயமிருக்கிறது. பதில் சொல்ல எனக்கு வாயில்லை. சற்று நேரங்கழித்து அவரே, "அடுத்து எப்ப வெடிக்கும்?" என்றார்.

கடைசியாக 2022 ஜூனில் வெடித்தது. அடுத்தது 2030களின் தொடக்கமாக இருக்கலாம். கார்த்திகையில் சூரியன் விருச்சிகத்தில் நிற்கும். அச்சமயம் வெடித்தால் தப்பிவிடும். மற்ற மாதங்களில் ஒரு பைனாகுலர் போதும், உச்சத்தின் ஓரிரு நாளுக்கு. கேட்டையின் திசை அப்பாவுக்குத் தெரியும். பைனாகுலருக்குத்தான் வழி பார்க்க வேண்டும்.