ஒரே பக்கத்துக்கு எதற்கு நாலு விலாசம்?



உங்களில் பலர் இப்போது இணையதளம் வைத்திருக்கிறீர்கள். ஜவுளிக்கடை, டியூஷன், கல்யாண சமையல் என்று ஆளுக்கொன்று. உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். அன்று வகுப்பில் இருந்த பொறுமையில் பாதி இருந்தால் போதும்.

என்னிடம் படித்த ஒருவர், ரத்த தானம் செய்கிறவர்கள் பட்டியலை ஒரு தளமாக நடத்துகிறார். அதில் தமிழைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. போன வருடம் ஒரு ராத்திரி, மகளின் பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் தேடிய ஒருவர், கூகுளில் வந்த எங்கள் பக்கத்தைப் பார்த்து ஐந்து பேரை அழைத்திருக்கிறார். மூன்று எண்கள் உபயோகத்தில் இல்லை. நான்காமவர் துபாய் போய் இரண்டு வருடமாகிறது. ஐந்தாமவர் எடுத்தார், உடனே கிளம்பிப் போனார். தாயும் பிள்ளையும் நலம்.

ஆனால் பட்டியலை அதற்கு முந்தின மாதம்தான் ஒவ்வொரு எண்ணாக அழைத்துச் சரிபார்த்திருந்தோம்! "டீச்சர், அவர் பார்த்தது நம்ம பழைய விலாசம்" என்றார் தம்பி. தளத்தை முதலில் ஓர் இலவச இடத்தில் வைத்திருந்தார்கள். பிறகு சொந்த விலாசம் வாங்கி மாறியபோது, பழையது கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருந்தன. தேடுபொறி, ஒன்றுபோல் இருக்கும் பக்கங்களைச் சேர்த்துக் கட்டி, அதில் ஒன்றை மட்டும்தான் காட்டும். ஊர்க்காரர்கள் பல இடங்களில் பழைய விலாசத்தைத்தான் இணைத்து வைத்திருந்தார்கள். அதனால் பழையதே முன்னால் நின்றது.

அதற்குப் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

நமக்கு ஒரே பக்கம். கணினிக்கு ஓர் எழுத்து மாறினாலும் வேறு விலாசம். முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டால் ஒன்று, போடாவிட்டால் ஒன்று. எச்.டி.டி.பி. ஒன்று, அதோடு ஓர் எஸ் சேர்ந்தால் இன்னொன்று. கடைசியில் சாய்கோடு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் ஒன்று. போதாதற்குக் கேள்விக்குறிக்குப் பின்னால் தொங்கும் வால்கள். நீங்கள் ஃபேஸ்புக்கில் பகிரும் விலாசத்தை யாராவது சொடுக்கினால், 2018 முதல் ஃபேஸ்புக்கே ஒரு வாலை ஒட்டி அனுப்புகிறது. எங்கள் தளத்தில் ரத்த வகை வாரியாகப் பிரித்துக் காட்ட ஒரு வால், அச்சு எடுக்க ஒரு வால் என்று ஒரே பட்டியலுக்கு எட்டு விலாசம் இருந்தது.

பள்ளிக்கூடக் கணக்கில் சொல்கிறேன். ஒரு பையன் வேறு பள்ளிக்குப் போனால் என்ன செய்வோம்? டி.சி. கொடுத்து, ரிஜிஸ்டரில் பெயரை அடித்துவிடுவோம். இணையத்தில் அந்த டி.சி.க்கு 301 என்று எண். பழைய விலாசத்துக்கு வருகிறவரையும் தேடுபொறியையும் அது நிரந்தரமாகப் புதிய இடத்துக்கு அனுப்பிவிடும். குறைந்தது ஒரு வருடமாவது அதை எடுக்காமல் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள்.

பையன் இங்கேயே இருக்கிறான், வீட்டில் ஒரு பெயர், ரிஜிஸ்டரில் ஒரு பெயர் என்றால்? அப்போது டி.சி. சரிவராது. அச்சுப் பக்கம் நமக்குத் தேவைதானே. அதற்கு கனானிகல் என்ற ஒரு வரி இருக்கிறது. "இந்தப் பக்கத்தின் அசல் விலாசம் இது" என்று பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதுவது. பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து இதை ஏற்றுக்கொண்டன. போட்டிக்காரர்கள் மூவரும் ஒத்துப்போனார்கள் என்றால் தொல்லை எவ்வளவு இருந்திருக்கும் பாருங்கள். ஆனால் இது உத்தரவு இல்லை, நம் விருப்பத்தைச் சொல்வது மட்டும்தான். தளத்துக்குள் நாமே பத்து இடத்தில் வேறு விலாசத்தை இணைத்திருந்தால், தேடுபொறி அதை நம்பினாலும் நம்பும்.

தம்பி முதலில் ஒரு குறுக்குவழி சொன்னார். ரோபாட்ஸ் கோப்பில் பழைய பக்கங்களைத் தடுத்துவிடலாம் என்று. வேண்டாம் என்றேன். கதவைச் சாத்திவிட்டால், உள்ளே மாட்டியிருக்கும் "வீடு மாறிவிட்டோம்" பலகையைத் தேடுபொறி எப்படிப் படிக்கும்?

இன்னொன்று. "நகல் பக்கம் இருந்தால் கூகுள் தண்டிக்கும், சரிசெய்யப் பணம் கொடுங்கள்" என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். ஏமாற்றும் எண்ணத்தோடு நகல் போட்டால்தான் அந்தப் பேச்சு. சாதாரணமாக நேரும் இரட்டை விலாசத்துக்குத் தண்டனை இல்லை என்று கூகுள் 2008லேயே எழுதிவிட்டது. நஷ்டம் வேறு. நாம் காட்ட நினைக்காத பக்கத்தை அது காட்டிவிடும். அவ்வளவுதான், ஆனால் அன்று ராத்திரி அதுவே பெரிதாக இருந்தது.

தமிழில் விலாசம் வைக்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு சங்கடம். ஸ்ரீ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். முன்பு ஸ என்ற எழுத்தைக் கொண்டு எழுதினோம். 2005இல் யூனிகோட் 4.1 வந்தபோது ஶ என்ற எழுத்து சேர்ந்தது, இப்போது அதைக் கொண்டு எழுதுவதுதான் முறை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், உள்ளே வேறு வேறு. ஆகவே ஸ்ரீரங்கம் என்று ஒரு பக்கத்துக்குப் பெயர் வைத்தால் இரண்டு விலாசம் உருவாக வழி உண்டு. நாற்பது வருடம் எழுத்து சொல்லிக்கொடுத்த எனக்கே இது புதுப் பாடம். அதிலும் கொ என்ற எழுத்தில் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டினால் இதே கதைதான். விக்கிப்பீடியாவின் மென்பொருள் அதைத் தானாக ஒன்றாக்கிவிடும். நம் கடைத் தளங்கள் எல்லாம் செய்யும் என்று நம்பாதீர்கள்.

உங்கள் தளத்தைச் சோதிக்க, கூகுளில் ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தளத்தின் பெயரைத் தட்டுங்கள். பழைய இடத்தின் பெயரையும் அப்படியே தட்டிப் பாருங்கள். ஒரே பக்கம் வேறு வேறு விலாசத்தில் வருகிறதா என்று தெரிந்துவிடும். சர்ச் கன்சோலில் பதிவு செய்திருந்தால், கூகுள் எதை அசலாக எடுத்துக்கொண்டது என்றே அங்கே பார்க்கலாம். புரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல். அதற்கு முன் தூங்குவேன்.